நாய் பூனையைக் கடித்தது: புனைமொழி இலக்கணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைக்காகவோ, கேமுக்காகவோ, சும்மா ஒரு ஆசைக்காகவோ புதிதாக ஒரு மொழியைச் செய்து பார்க்கிறவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். 2015இல் 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உருவாக்கினார். அதைக் கேட்டுவிட்டு நோட்டை எடுத்தவர்கள் சிலரை எனக்கே தெரியும். ஆள் மாறினாலும் கேட்கிற சந்தேகங்கள் மாறுவதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

நடுநடுவே என் சொந்த மொழியான நெவுவையும் இழுப்பேன். ஒரு தீவில் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றிய நாவலுக்காகச் செய்தது. நாவல் எட்டாவது அத்தியாயத்தில் நிற்கிறது, மொழி மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

1. புது மொழின்னா முதல்ல வார்த்தைகளைத்தானே உண்டாக்கணும்? இலக்கணம் அப்புறம் பார்த்துக்கலாமே?

பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணமே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பிங்கன் ஊரின் ஹில்டகார்ட் என்ற கன்னியர் மடத் தலைவி தனக்கென்று ஒரு மொழி செய்தார். ஆயிரத்துக்கு மேல் சொற்கள், பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். அந்தச் சொற்களை வைத்து அவர் எழுதிய ஒரு சிறு பகுதி கிடைத்திருக்கிறது. அதில் வாக்கியம் லத்தீன், இலக்கணம் லத்தீன், நடுவில் சில சொற்கள் மட்டும் புதிது.

நானும் இதையேதான் செய்தேன். கோடு போட்ட நோட்டில் 400 வார்த்தை எழுதி முடித்துவிட்டு, முதல் வாக்கியமாக 'எனக்குப் பசிக்கிறது' என்பதை நெவுவில் எழுதினேன். 'நான்' என்ற சொல்லின் வாலில் 'கு' மாதிரி ஒன்று, பிறகு பசிக்கு ஒரு சொல், அதன் வாலில் நிகழ்காலத்துக்கு ஒன்று. யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்கு எழுதியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பசி ஒருவ'ருக்கு' வருவது நம் ஊர் வழக்கம். ஆங்கிலத்தில் ஆள் பசியாக 'இருக்கிறார்', பிரெஞ்சில் ஆள் பசியை 'வைத்திருக்கிறார்'. என் 400 வார்த்தையும் தமிழ்ச் சுவரின் மேல் அடித்த சுண்ணாம்பு.

முப்பது நாற்பது சொல் போதும். அதை வைத்துக்கொண்டு வாக்கியம் எழுத ஆரம்பியுங்கள். வாக்கியம் கேட்கிறபோது அடுத்த சொல்லைச் செய்துகொள்ளலாம்.

2. சொல் வரிசைன்னா ஸ்கூல்ல படிச்ச எழுவாய், செயப்படுபொருள், பயனிலை அதுதானா?

அதேதான். 'நாய் பூனையைக் கடித்தது' என்பதில் நாய் எழுவாய், பூனை செயப்படுபொருள், கடித்தது பயனிலை. கடைசிவரை இதே நாயும் பூனையும்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாக எ, செ, ப. மூன்றை ஆறு விதமாக அடுக்கலாம், ஆறும் உலகத்தில் எங்கேயாவது புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஒரே அளவில் இல்லை. மேத்யூ டிரையர் என்ற மொழியியலாளர் 1370க்கும் மேற்பட்ட மொழிகளைத் திரட்டி எண்ணியிருக்கிறார். எ-செ-ப மொழிகள் 560க்கு மேல்: தமிழ், ஜப்பானியம், கொரியன், துருக்கி எல்லாம் இதில். எ-ப-செ 480க்கு மேல்: ஆங்கிலம், சீனம். வினை முதலில் வரும் ப-எ-செ 95, ஐரிஷும் வெல்ஷும் அப்படி. ப-செ-எ 25, மடகாஸ்கரின் மலகாசியில் 'படிக்கிறான் புத்தகம் மாணவன்' என்பதுதான் சாதாரணப் பேச்சு. செ-ப-எ 11. செ-எ-ப வெறும் 4. மிச்சமுள்ள 189 மொழிகளில் இதுதான் வழக்கமான வரிசை என்று ஒன்றைக் காட்ட முடியாது.

3. இந்த ஆறில் எது பெஸ்ட்?

எதுவும் இல்லை. யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பல நாட்டவர் கற்றுப் பேச வேண்டிய மொழி என்றால் அதிகம் பேருக்குப் பழகிய வரிசை வசதி. 1887இல் வார்சாவில் வெளிவந்த எஸ்பெராந்தோவில் வழக்கமாக எ-ப-செ வருகிறது. 2001இல் சோன்யா லாங் செய்த டோக்கி போனாவிலும் அதுதான். அந்த மொழியில் மொத்தமே 120 சொச்சம் சொற்கள், அதில் வரிசையையும் வித்தியாசமாக வைத்தால் யார் கற்பார்கள்?

கதைக்கான மொழி என்றால் கணக்கு வேறு. உங்கள் வாசகருக்கு எந்த வரிசை அந்நியமாகப்படும் என்று பாருங்கள். எ-செ-ப வரிசை ஆங்கில வாசகருக்கு மர்மமாக இருக்கும். தமிழ் வாசகருக்கு அது அடுத்த தெருப் பேச்சு.

4. தமிழ்ல எப்படி மாத்திப் போட்டாலும் அர்த்தம் வருதே! என் மொழிக்கும் வரிசையே வேண்டாம்னு விட்டுடலாமா?

விடலாம். ஆனால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். 'பூனையை நாய் கடித்தது', 'கடித்தது நாய் பூனையை' என்று எப்படிப் புரட்டினாலும் வலி பூனைக்குத்தான், ஏனென்றால் ஐ அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஐயைப் பிடுங்கிவிட்டு 'நாய் பூனை கடித்தது' என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் "யாரை யாரு?" என்பார்.

எஸ்பெராந்தோவில் அந்த வேலையை ஒற்றை 'ன்' செய்கிறது. ஹுண்டோ என்றால் நாய், காட்டோ பூனை, மோர்டாஸ் கடிக்கிறது. 'லா ஹுண்டோ மோர்டாஸ் லா காட்டோன்' என்றாலும் 'லா காட்டோன் மோர்டாஸ் லா ஹுண்டோ' என்றாலும் ஒரே செய்திதான். இந்த 'ன்' கற்கிறவர்களைப் படுத்துகிறது என்று சொல்லி 1907இல் கிளம்பிய இடோ என்ற சீர்திருத்த மொழி, செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் 'ன்' போட்டால் போதும் என்று ஆக்கியது. சரியான சமரசம் என்று நினைக்கிறேன். வரிசை மாறாதபோது உருபுக்கு வேலை இல்லை.

தமிழும் இதே மாதிரி கணக்குப் பார்க்கிற மொழிதான். 'டீ குடித்தேன்', 'புத்தகம் வாங்கினாள்' என்பதில் ஐ எங்கே? டீ யாரையும் குடிக்காது என்பதால் தேவைப்படவில்லை. இன்னொன்று, வரிசை சுதந்திரமாக இருக்கிறது என்றால் அர்த்தமே மாறாது என்பதில்லை. 'ராஜா வந்தார்' என்பது செய்தி. 'வந்தார் ராஜா' என்றால் ஒன்று கதை சொல்கிறீர்கள், அல்லது ராஜாவை உங்களுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மொழியில் வரிசையை அவிழ்த்துவிட்டால், மாற்றிப் போடுவதால் என்ன தொனி வருகிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

5. யார் கடிச்சது, யாரைக் கடிச்சதுன்னு காட்ட எத்தனை வழி இருக்கு?

இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வரிசையெல்லாம் அப்புறம். எனக்குத் தெரிந்து நான்கு இடங்களில் இந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம். ஒன்று, வரிசையிலேயே: ஆங்கிலமும் சீனமும். இரண்டு, பெயர்ச்சொல்லின் வாலில்: தமிழ், எஸ்பெராந்தோ. மூன்று, வினைச்சொல்லில். 'ஸ்டார் டிரெக்' படங்களில் வேற்றுகிரகவாசிகள் பேசும் க்ளிங்கானில் வினைக்கு முன்னால் வரும் ஒட்டு ஒன்றே செய்கிறவரையும் செய்யப்படுகிறவரையும் சேர்த்துச் சொல்லிவிடும். லெக் என்றால் பார்; 'காலெக்' என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன், 'சோலெக்' என்றால் நீ என்னைப் பார்க்கிறாய். நான்கு, தனித்து நிற்கும் சிறு சொல். டோக்கி போனாவில் 'லி' வந்தால் அடுத்தது பயனிலை, 'எ' வந்தால் அடுத்தது செயப்படுபொருள்.

லோஜ்பான் என்ற புனைமொழி முதல் வழியை எல்லைக்கே கொண்டுபோனது. அதில் 'க்லாமா' (போ) என்ற சொல்லுக்கு ஐந்து நாற்காலி: போகிறவர், போகுமிடம், கிளம்பிய இடம், வழி, வண்டி. யார் எந்த நாற்காலி என்பது வரிசையை வைத்தே தெரியும். எனக்கு மூன்றாவது நாற்காலிக்கு மேல் ஞாபகம் நிற்பதில்லை.

இரண்டு வழிகளைக் கலக்கலாம், எல்லா மொழியும் கலக்கத்தான் செய்கிறது. நான்கையும் முழுசாக வைத்தால்தான் சிக்கல். ஒரே சங்கதியை நான்கு தடவை சொல்கிற மொழியில் கதாபாத்திரம் வாயைத் திறந்து மூடுவதற்குள் காட்சி முடிந்துவிடும்.

6. தமிழ்ல எட்டு வேற்றுமை இருக்கு. எனக்கு எத்தனை வேணும்?

எட்டு வைக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. எஸ்பெராந்தோ ஒரே உருபில் ஓடுகிறது, மற்றதெல்லாம் முன்னிடைச்சொற்கள், ஆங்கிலத்தின் இன், ஆன் மாதிரி பெயருக்கு முன்னால் வருபவை. மேலே 5இல் எந்த வழியைப் பிடித்தீர்களோ அதற்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். நெவுவில் இப்போது இரண்டுதான்: செயப்படுபொருளுக்கு 'ஷ்', மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று.

7. க்ளிங்கான் மாதிரி தலைகீழா வச்சா வேற்றுகிரகவாசி பேசுற மாதிரி இருக்குமா?

க்ளிங்கானை உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட் ஒரு மொழியியலாளர். 1984இல் வந்த ஸ்டார் டிரெக் படத்துக்காக அதை விரித்து எழுதினார், அகராதி 1985இல் வெளிவந்தது. மனித மொழிகளில் அரிதாக இருப்பது எது என்று பார்த்தே செ-ப-எ வரிசையை எடுத்தார். 'புக் லெக் யாஷ்' என்றால் குழந்தையை அதிகாரி பார்க்கிறார். புக்கையும் யாஷையும் இடம் மாற்றினால் அதிகாரியைக் குழந்தை பார்க்கிறது. உருபு கிடையாது. ஆங்கிலம் பழகிய காது ஒவ்வொரு முறையும் தப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அது வேற்றுகிரக வரிசை இல்லை. பிரேசிலில் அமேசான் காட்டில் ஹிஷ்கர்யானா மொழி பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். 'டோட்டோ யஹோசியே கமாரா': மனிதனை, பிடித்தது, ஜாகுவார். 1970களில் டெஸ்மண்ட் டெர்பிஷர் இதை விளக்கி எழுதும்வரை, செயப்படுபொருளை முதலில் வைக்கும் மொழியே இருக்காது என்று பலர் நம்பியிருந்தார்கள்.

நம் விஷயத்துக்கு வருவோம். தமிழ் வாசகரிடம் இந்தத் தந்திரம் அவ்வளவாக எடுபடாது. 'பூனையைக் கடித்தது நாய்' என்று நாமே தினமும் சொல்கிறோம். க்ளிங்கான் முரட்டுத்தனமாக ஒலிப்பதற்கு அதன் தொண்டை ஒலிகளும் வினை ஒட்டுகளும் பெரிய காரணம், வரிசை சின்னக் காரணம்.

8. எ-செ-ப எடுத்துட்டேன். மத்ததெல்லாம் தானா வந்துடுமா?

தானாக வராது, ஆனால் சாய்வு இருக்கும். 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 45 பொதுவிதிகளை எழுதினார். வினை கடைசியில் நிற்கும் மொழிகளில் 'மேல்', 'கீழ்', 'ஓடு' போன்றவை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். 'மேசை மேல்' என்கிறோம், 'மேல் மேசை' என்று சொல்வதில்லை. உடைமையும் அப்படியே: 'பூனையின் வால்', உடையவர் முன்னால். துணைவினை முதன்மை வினைக்குப் பின்னால்: 'வந்து விட்டது'. வினை முதலில் வரும் மொழிகளில் இதெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டுகொள்ளும்.

மீறுகிறவர்களும் உண்டு. பாரசீகம் வினையைக் கடைசியில்தான் வைக்கிறது, ஆனால் 'மேல்', 'இல்' வகையறாக்களைப் பெயருக்கு முன்னால் போடுகிறது, உடையவரைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே மீறலாம், தப்பில்லை. நான் தப்பு என்று சொல்வது மீறியதே தெரியாமல் இருப்பதைத்தான். என்னிடம் வந்த மொழிகளில் அடிக்கடி பார்த்தது: வாக்கியம் தமிழ் வரிசை, முன்னிடைச்சொல் ஆங்கில வரிசை. கேட்டால் "அப்படியா வச்சிருக்கேன்?" என்பார்கள்.

9. பெயரடை முன்னாலயா, பின்னாலயா?

உங்கள் இஷ்டம். 8இல் சொன்ன சாய்வு இதற்குக் கிடையாது என்று டிரையர் காட்டியிருக்கிறார். எ-செ-ப மொழியான பாஸ்க்கில் 'வீடு வெள்ளை', எ-செ-ப மொழியான தமிழில் 'வெள்ளை வீடு'. நாணயத்தைச் சுண்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

10. இங்கிலீஷ்ல ஹூ, விச் போட்டு இழுக்கிற வாக்கியத்தை என் மொழியில எப்படிக் கொண்டுவர்றது?

தமிழ் வழி ஒன்று கையிலேயே இருக்கிறது, பெயரெச்சம். 'பூனையைக் கடித்த நாய்'. ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமல் முழு வாக்கியத்தையும் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். இதில் ஒரு வேடிக்கை, நாம் கவனிப்பதே இல்லை. வந்த பையன், வந்த பஸ், வந்த வழி, வந்த நாள், வந்த காரியம். பையன் தானே வந்தான். பஸ்ஸில் வந்தோம். வழியாக வந்தோம். நாளில் வந்தோம். காரியத்துக்காக வந்தோம். ஐந்துக்கும் ஐந்து விதமான உறவு. பெயரெச்சமாக்கியதும் உருபெல்லாம் உதிர்ந்துபோய் ஒரே 'வந்த' நிற்கிறது. மிச்சத்தைக் கேட்கிறவர் ஊகித்துக்கொள்கிறார்.

ஆக இங்கே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு, வாக்கியம் பெயருக்கு முன்னாலா பின்னாலா என்பது மட்டும் இல்லை. உதிர்ந்த உறவை ஊகத்துக்கு விடுவீர்களா, அடையாளம் வைத்துக் காட்டுவீர்களா? 'பூனை கடித்த நாய்', 'பூனையைக் கடித்த நாய்' இரண்டையும் ஒற்றை ஐ பிரித்துக் காட்டுகிறது. உருபே இல்லாத மொழியில் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். க்ளிங்கானிலேயே, வினையில் 'போக்' என்ற விகுதியைச் சேர்த்துச் செய்யும் இந்த வகைத் தொடரில் 'குழந்தையை அடித்த அதிகாரி', 'அதிகாரி அடித்த குழந்தை' இரண்டும் ஒரே மாதிரி வந்து நிற்கும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்ட அந்தப் பெயரோடு இன்னொரு விகுதியை ஒட்ட வேண்டும்.

முன்னால் வைக்கும் முறையில் நீளமும் ஒரு தொல்லை. மூன்று பெயரெச்சம் அடுக்கினால், யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரிவதற்குள் கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். எ-ப-செ மொழிகள் பெரும்பாலும் இதைப் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுகின்றன. சீனம் விதிவிலக்கு, எ-ப-செ வரிசையில் இருந்துகொண்டே நம்மைப் போல முன்னால் வைக்கிறது.

11. ஆண்பால் பெண்பால் எல்லாம் வேணுமா? இல்லாட்டி சுலபமா இருக்குமே?

சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் இப்படியும் யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு மொழி கட்டாயப்படுத்துகிறதோ, அதில்தான் அதன் மக்கள் தெரிவார்கள். தமிழில் 'வந்தான், வந்தாள், வந்தது' என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'நாம் போகலாம்' என்றால் நீயும் உண்டு, 'நாங்கள் போகிறோம்' என்றால் உனக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் இந்தக் கட்டாயம் இல்லை.

பாலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்பதும் இல்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்காக டேவிட் பீட்டர்சன் விரித்தெடுத்த ஹை வலேரியனில் பெயர்ச்சொற்களுக்கு நான்கு வகுப்பு: சந்திரன், சூரியன், நிலம், நீர். சுவாஹிலியில் பெயர்கள் முன்னொட்டை வைத்து வகுப்பாகப் பிரிகின்றன, 'கி' வகுப்புக்குப் பன்மை 'வி'. அரபியிலிருந்து கிதாப் என்ற சொல் உள்ளே வந்தபோது அதன் 'கி'யையும் முன்னொட்டாக எடுத்துக்கொண்டு, கிடாபு ஒரு புத்தகம், விடாபு பல புத்தகங்கள் என்று ஆக்கிவிட்டார்கள். இந்த மாதிரி ஒன்று உங்கள் மொழியில் நடந்தால் அதற்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நெவுவில் ஆண், பெண் கிடையாது. நனைந்தது, நனையாதது என்று இரண்டே வகுப்பு. கரையேறிய மீனவன் சட்டை காயும்வரை நனைந்த வகுப்பு.

12. காலம் மூணு போதுமா?

சீனத்துக்கு ஒன்றுகூட வினையில் கிடையாது, 'நேற்று' என்ற சொல்லை வைத்தே ஓட்டுகிறார்கள். 'அவதார்' படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவியில் வினையின் வயிற்றுக்குள் அசையைச் செருக வேண்டும். தாரோன் வேட்டையாடு, தமாரோன் வேட்டையாடியது, திமாரோன் இப்போதுதான், சற்று முன்புதான், வேட்டையாடியது, தயாரோன் இனிமேல்.

மூன்றே வைத்தாலும் எது எதுவரை நீள்கிறது என்று பாருங்கள். 'காலையில் காபி குடிப்பேன்' என்பதில் இருப்பது எதிர்கால வடிவம், ஆனால் அது எதிர்காலத்தைச் சொல்லவில்லை, பழக்கத்தைச் சொல்கிறது. உங்கள் மொழியில் பழக்கத்துக்கு எந்த வடிவம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் பின்னால் தலைவலி மிச்சம்.

13. 'இஸ்' மாதிரி ஒரு வினைச்சொல் கட்டாயமா?

'இவர் என் மாமா.' இதில் எங்கே வினை? நமக்கே இல்லை, ரஷ்ய மொழியிலும் நிகழ்காலத்தில் இல்லை. க்ளிங்கானிலும் இல்லாததால், ஹாம்லெட்டின் 'இருப்பதா, இல்லாமல் போவதா' வரியை ஒக்ராண்ட் 'தொடர்கிறான் அல்லது தொடரவில்லை' என்ற பொருளில் வைக்க வேண்டியிருந்தது.

14. எர்கேட்டிவ்னு ஒண்ணு சொல்றாங்களே, தலை சுத்துது. தமிழ்ல புரிய வைங்க.

நாய் கடித்தது, நாய் தூங்கியது. இரண்டு நாயும் நமக்கு ஒரே எழுவாய், ஒரே வடிவம். கடிபட்ட பூனைக்கு மட்டும் ஐ. இப்படிப் பிரிப்பது ஒரு வழி. இன்னொரு வழியில் தூங்கும் நாயும் கடிபட்ட பூனையும் ஒரே கட்சி, இரண்டுக்கும் உருபு இல்லை. கடித்த நாய்க்குத்தான் தனி அடையாளம். இதுதான் எர்கேட்டிவ், பாஸ்க் மொழி இப்படி. 'கிசோனா' (மனிதன்) வந்தான், ஆனால் ரொட்டியைத் தின்றது 'கிசோனாக்'. அந்த 'க்' சொல்வது: இவன் இன்னொன்றின் மேல் ஏதோ செய்திருக்கிறான்.

இந்தி படித்தவர்களுக்கு இது பாதி தெரியும். முடிந்த செயலில் வரும் 'நே'தான். 'லட்கே நே ரோட்டி காயீ' என்பதில் சாப்பிட்டவன் பையன், ஆனால் வினை ரொட்டியின் பெண்பாலோடு ஒத்துப்போகிறது. நிகழ்காலத்தில் 'நே' காணாமல் போய்விடும். நாவி இரண்டு கட்சியிலும் சேராமல் மூன்றுக்கும் மூன்று வடிவம் வைத்துக்கொண்டது. 'ஓஎல் ஙாதி காமெஇஎ', நான் உன்னைக் காண்கிறேன் என்பதில் செய்கிறவருக்கு 'ல்', செய்யப்படுகிறவருக்கு 'தி'. தூங்குகிறவருக்கு ஒன்றும் இல்லை. 4இல் சொன்னபடி, உருபு இவ்வளவு தெளிவாக இருப்பதால் நாவியில் வரிசையை எப்படியும் புரட்டலாம். 'ஙாதி'யை எழுத நம்மிடம் எழுத்துத் தயாராக இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

15. விதிவிலக்கே இல்லாம செஞ்சா நல்ல மொழிதானே?

கற்றுக்கொடுக்க நல்லது. எஸ்பெராந்தோ 16 விதியில் அடங்கியது அதற்காகத்தான். கதையில் ஆயிரம் வருஷம் பேசப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளும் மொழி அப்படி வழுவழுவென்று இருந்தால் நம்ப முடியாது. பேச்சு தேயும். 'கொண்டு வா' என்பது 'கொண்டா' ஆகிவிட்டது, 'இருக்கிறது' 'இருக்கு' ஆகிவிட்டது. அதிகம் புழங்கும் சொல் அதிகம் தேயும்.

ஆகவே விதிவிலக்கை நேராகக் கண்டுபிடிக்காதீர்கள், விதியைத் தேய்த்துப் பாருங்கள். நெவுவில் இறந்தகாலத்துக்கு முன்பு 'கெ' என்று தனிச்சொல் இருந்தது. ஹரு கடி, ஹரு கெ கடித்தது. வேகமாகப் பேசிப் பேசி அது 'ஹருக்' ஆனது. மியா (போ) தினமும் நூறு தடவை வரும் சொல், 'மியா கெ' தேய்ந்து 'மேக்' ஆகிவிட்டது. இப்போது கற்கிறவனுக்கு மேக் ஒரு விதிவிலக்கு, எனக்கு மட்டும் அதன் பூர்வீகம் தெரியும்.

16. நான் செஞ்சது தமிழோட மாறுவேஷம்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1இல் நான் விழுந்த குழி இது, அதனால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த வாக்கியங்களை உங்கள் மொழியில் எழுதுங்கள்: 'அவளுக்கு மூணு பிள்ளைங்க.' 'கண்ணாடி உடைஞ்சு போச்சு.' 'மழை வரும்போல இருக்கு.' 'அவன் வந்தானாம்.' 'போய்ட்டு வர்றேன்.'

பிள்ளை பெற்றவள் நான்காம் வேற்றுமையில் ('அவளுக்கு') வந்தால் ஒரு மார்க் போச்சு. உடைந்ததற்குப் பின்னால் 'போ' என்ற வினையை ஒட்டியிருந்தால் இன்னொன்று. 'வந்தானாம்' சுவாரசியமானது: அந்த 'ஆம்' நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை, 1982இல் சூசெட் ஹேடன் எல்ஜின் செய்த லாதன் மொழியில் வாக்கியத்தின் கடைசியில் அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லும் சிறு சொல் வரும். தென் அமெரிக்காவின் துயூகா மொழியில் அதற்கு ஐந்து வடிவம். வேண்டுமென்று வைத்தீர்களா, தானாக ஒட்டிக்கொண்டதா என்பதுதான் கேள்வி. கடைசி வாக்கியத்தில், விடைபெறுகிறவர் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் கிளம்ப வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். ஒருவர் விண்வெளிக் கொள்ளையர்களுக்கு மொழி செய்து கொண்டுவந்தார். அவர்களும் கொலை செய்யப் புறப்படும்போது 'போய்ட்டு வர்றோம்' என்றார்கள்.

ஆங்கில மாறுவேஷமும் உண்டு. 'மழை பெய்கிறது' என்பதற்கு, எதையும் குறிக்காத ஒரு 'அது'வை எழுவாயாக நிறுத்தியிருந்தால் அதுதான்.

17. பாதி வழியில வரிசையை மாத்தணும்னு தோணுது. எழுதினதையெல்லாம் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். பழையதைச் சில இடங்களில் அப்படியே விட்டுவையுங்கள். நிஜ மொழிகளிலும் வரிசை மாறியிருக்கிறது, மாறியபோது மிச்சம் விழுந்திருக்கிறது. லத்தீனில் வினை பெரும்பாலும் கடைசியில் நிற்கும். அதன் பிள்ளையான பிரெஞ்சு எ-ப-செ. ஆனால் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதில் 'உன்னை' மட்டும் இன்றும் வினைக்கு முன்னால் நிற்கிறது, அங்கே பெயர்ச்சொல்லைப் போட்டால் அது பின்னால் போய்விடும். எதைத் தினம் சொல்கிறோமோ, எதை மனப்பாடமாகச் சொல்கிறோமோ, அதில் பழசு தங்கும்.

நெவு முதலில் தமிழ் வரிசையில் இருந்தது. 'தொமு லிபாஷ் ஹருக்', நாய் பூனையைக் கடித்தது. 16இன் சோதனையில் தோற்றபின் வினையை முன்னால் கொண்டுவந்து 'ஹருக் தொமு லிபாஷ்' ஆக்கினேன். ஏற்கெனவே எழுதிய தாலாட்டு ஒன்று, வசவுகள் சில, படகில் ஏறும்போது சொல்லும் சத்தியம் ஒன்று, இவற்றை மட்டும் தொடவில்லை. தீவில் இப்போது சின்னப் பையன்கள் எல்லாரும் வினையை முதலில் வைத்துப் பேசுகிறார்கள். முதல் தடவை படகேறும் அன்றைக்கு மட்டும் கிழவன் சொல்லிக்கொடுத்தபடி 'ஈ ஓலுஷ் திமெ' என்கிறார்கள்: நான் கடலை அழைக்கிறேன். நாவலில் ஒருவன் அதை 'திமெ ஈ ஓலுஷ்' என்று பேச்சு வரிசையில் சொல்லிவிடுகிறான், கிழவன் அவனைப் படகிலிருந்து இறக்கிவிடுகிறார். எட்டாவது அத்தியாயம் அங்கேதான் நிற்கிறது.